மாடியில் நடக்கிறார் அப்பா

25 மார்ச் 2020, கோயம்புத்தூர்

கொரோனாவுக்காக நேற்று மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு வந்துவிட்டது. இன்று முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அப்பா சர்க்கரை நோயாளி. விடிந்ததும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையைச் சுற்றி வருவார். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இனி அது கிடையாது.

8 ஏப்ரல்

மாத்திரை அதேதான், சாப்பாடும் அதேதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் 180ஐத் தாண்டுகிறது. நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் அந்த வேலையை யார் செய்வது?

அன்னூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கும் அத்தையிடம் போனில் புலம்பினேன். விவசாயத்துக்கு விலக்கு இருப்பதால் அவருக்குக் கறவையும் களையெடுப்பும் வழக்கம்போல நடக்கின்றன. "உன் அப்பனை இங்கே அனுப்பு அம்மிணி, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கட்டும்" என்றார். அனுப்ப வழியிருந்தால் இன்றே அனுப்பியிருப்பேன்.

26 ஏப்ரல்

கோவையில் 29 வரை முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடத் திறக்காது. அப்பா மொட்டை மாடியில் நடக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு எட்டுதான்; அதற்குள் திரும்ப வேண்டும். வெடுக்கென்று திரும்பித் திரும்பி வலது முழங்கால் வீங்கிவிட்டது. துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு, சாக்பீஸால் பெரிதாக '8' வடிவம் வரைந்து கொடுத்தேன். வளைந்து போனால் முழங்காலுக்குத் தொல்லை குறைவு. சாப்பிட்டதும் பத்து நிமிடம், மூன்று வேளையும். காலில் ஷூ கட்டாயம். சிமெண்ட் தரை பொல்லாதது.

2 ஜூலை

187 நாடுகளில் நான்கரை லட்சம் பேரின் செல்போன் காலடிக் கணக்கை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். உலகத் தொற்று என்று அறிவித்த 30 நாளில் சராசரி நடை 27 சதவீதம் சரிந்திருக்கிறது. செல்போனைச் சட்டைப்பையில் வைத்து நடப்பவர்களின் கணக்கு அது. அத்தையைப் போன்றவர்கள் அதில் வரமாட்டார்கள்.

இங்கிலாந்தில் மார்ச்சில் ஊரடங்கு போட்டபோதே, தினமும் ஒருமுறை உடற்பயிற்சிக்கு வெளியே வரலாம் என்று விட்டார்கள். இங்கே மருந்துக்கடை திறந்திருந்தது. அப்பாவுக்கு நடையும் மருந்துதானே? ஜூலை ஞாயிறுகளில் மறுபடி முழு ஊரடங்காம். வயதானவர்கள் முகக்கவசத்தோடு, தள்ளித் தள்ளி நடக்க விடியற்காலையில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு இதையே மனுவாக எழுதி இன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன்.