இந்த வாரியைச் செய்தது யார்?

பிப்ரவரி 4

வாரி வந்து இறங்கிவிட்டது. குதிரை பூட்டி, வயலில் காய்ந்த புல்லை வாரிச் சேர்க்கும் பழைய வண்டி இது. நண்பர் ஒருவர் கொட்டகையைக் காலி செய்தபோது, பழைய இரும்புக்குப் போக இருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு இரும்புச் சக்கரங்கள். நடுவே நீளமான கோண இரும்பு, அதிலிருந்து பிறை போல வளைந்து தொங்கும் எஃகுப் பற்கள், மேலே ஓர் இருக்கை. 28 பற்களுக்கு இடம் இருக்கிறது, 23தான் மிஞ்சியிருக்கின்றன. குதிரை பூட்டும் ஏர்க்கால் இரண்டும் உளுத்துப்போய்விட்டன. பெயர்த் தகடு கிடையாது. வண்ணமும் இல்லை, எல்லாம் துரு நிறம்.

வகை மட்டும் பார்த்ததும் தெரிந்தது. காய்ந்த புல்லைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டே போகும் வாரி அல்ல இது. வாரிக்கொண்டே போய், மிதியை அழுத்தியதும் பற்கள் மொத்தமாக எழும்பி, சேர்ந்ததைக் கீழே விட்டுவிடும் பழைய வகை. ஆங்கிலத்தில் டம்ப் ரேக் என்பார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பற்களைத் தூக்குவது ஓட்டுபவரின் பலம் இல்லை என்பதுதான். மிதியை அழுத்தினால் ஒரு இரும்பு நாக்கு சக்கரக் குடத்தில் உள்ள ராட்செட் பல்லில் விழும் (ராட்செட் என்பது ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பல்சக்கரம்). அதன்பிறகு உருளுகிற சக்கரமே தன் விசையால் பற்களைத் தூக்கிவிடும். வலதுபக்க நாக்கின் மூக்கு உடைந்திருக்கிறது.

பிப்ரவரி 6

கம்பி பிரஷை இன்னும் கையில் எடுக்கவில்லை. முதலில் தேய்த்துவிட்டால் சாட்சி எல்லாம் போய்விடும். வண்ணம் தப்பிப் பிழைப்பது வெயிலும் மழையும் படாத இடத்தில்தான். அதனால் இருக்கையைத் தாங்கும் பட்டையின் போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, இன்று கழற்றினேன். பட்டைக்கு அடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. பார்த்ததும் மனசு துள்ளியது. ஆனால் சிவப்பு பூசிய கம்பெனிகள் பல, அதை மட்டும் வைத்து யாருடையது என்று சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 11

இருக்கையின் அடிப்பக்கம் எழுத்து இருக்கிறது! தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தேன். காப்புரிமைத் தேதி. ஜூலை 10, 188 என்பது வரை தெளிவு. கடைசி இலக்கம் 6-ஆ 8-ஆ என்று தெரியவில்லை, மேல்பாதி தேய்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே செவ்வாய்க்கிழமைகளில்தான் காப்புரிமை வழங்கி வருகிறது. பழைய நாள்காட்டியைப் பார்த்தேன். 1886 ஜூலை 10 சனிக்கிழமை. 1888 ஜூலை 10 செவ்வாய். ஆக 1888. அதற்காக வாரி 1888இல் செய்தது என்று அர்த்தம் ஆகாது. அந்தத் தேதிக்கு முன்னால் அந்த வார்ப்பு வந்திருக்க முடியாது, அவ்வளவுதான். ஒரு கம்பெனி அதே அச்சில் பல வருடம் வார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 12

இருக்கை இந்த வாரியுடையதே இல்லை. பட்டையில் மாட்டும் ஓட்டையை இன்று வெளிச்சத்தில் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டியது நீள்வட்டமாக இருக்கிறது, ஓரத்தில் அரம் போட்ட கோடுகள். யாரோ எப்போதோ வேறொரு வண்டியின் இருக்கையைக் கொண்டுவந்து, அரத்தால் ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். நேற்றுக் கிடைத்த தேதி இருக்கைக்கு மட்டுமே செல்லும்.

பிப்ரவரி 18

போல்ட்டுகள். கோண இரும்பில் உள்ள அரை அங்குல போல்ட் ஒன்றைச் சுத்தம் செய்து, அளவுகோலை வைத்து மரை எண்ணினேன். அங்குலத்துக்கு 13. மூன்று போல்ட்டில் பார்த்தேன், மூன்றிலும் 13தான்.

இது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841இல் கொண்டுவந்த முறையில் அரை அங்குல போல்ட்டுக்கு 12 மரை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த முறையில் 13. ஒரே ஒரு மரைதான் வித்தியாசம், ஆனால் அதில் ஒரு நாடே தெரிந்துவிடுகிறது. ஒரு போல்ட் என்றால் பிற்பாடு மாற்றியது என்று சொல்லலாம். மூன்றும் ஒன்றுபோலச் சதுரத் தலையோடு இருப்பதால் அமெரிக்க வாரி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 25

எண் கிடைத்துவிட்டது. இடதுபக்க நாக்கின் உட்பக்கம், கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்த இடத்தில் இருந்தது. மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் புடைத்து நின்றன. பல் பிடிகளிலும் அதே எழுத்து, எண் மட்டும் வேறு. கம்பெனிப் பெயரைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். வார்ப்பு எண் என்பது பட்டறை தனக்காகப் போட்டுக்கொள்வது, பழுது வந்தால் அதைச் சொல்லித்தான் மாற்றுப் பாகம் கேட்பார்கள்.

ஸ்கேன் செய்து சேமித்த பழைய பாகப் பட்டியல்களை நான்கு ராத்திரி புரட்டினேன். மெக்கார்மிக் என்ற அமெரிக்க விவசாயக் கருவிக் கம்பெனியின் வாரிப் பட்டியலில் ஒன்பது எண்கள் அப்படியே பொருந்தின. ஒன்று இரண்டு என்றால் தற்செயல் என்று விட்டுவிடுவேன். அட்டையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்று இருக்கிறது. மெக்கார்மிக்கும் டீரிங்கும் இன்னும் சில கம்பெனிகளும் 1902இல் இணைந்து உருவானது அது. இணைந்த பிறகும் மெக்கார்மிக் பெயரில் தனியாகவும் டீரிங் பெயரில் தனியாகவும் பல வருடம் விற்றார்கள். இரண்டு பெயரையும் சேர்த்து மெக்கார்மிக்-டீரிங் என்று போட்டது 1920களில். இந்தப் பட்டியலில் மெக்கார்மிக் மட்டும்தான். என் கணக்கில் வாரி 1902க்கும் 1920களுக்கும் நடுவே வந்தது.

மார்ச் 3

பற்கள். ஐந்து குறைகிறது, ஒன்று கோணலாகிவிட்டது. அடுப்பில் காய்ச்சி நிமிர்த்தலாமே என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். செய்ய மாட்டேன். இது ஸ்பிரிங் எஃகு, சிவக்கக் காய்ச்சினால் பதம் இறங்கிவிடும். மறுபடி துவைச்சல் கொடுத்து (காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து), அளவான சூட்டில் பதப்படுத்தாவிட்டால் ஒன்று வளைந்தே கிடக்கும், இல்லையென்றால் ஒடிந்துபோகும். பற்றவைத்தாலோ ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும்.

பாதி மக்கிப்போன இன்னொரு வாரி வைத்திருப்பவர் ஆறு பற்கள் தருவதாகச் சொன்னார். கம்பியின் தடிமன், மேல்சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது, பிடியில் மாட்டும் கொக்கியின் வளைவு, மூன்றையும் கேட்டு வாங்கினேன். நீளத்தைக் கேட்கவில்லை. என்னிடம் உள்ள பற்களிலேயே முனை தேய்ந்து ஒன்றுக்கொன்று நாலு சென்டிமீட்டர் வரை வித்தியாசம்.

மார்ச் 10

உடைந்த நாக்கு. இடதுபக்க நாக்கைப் பார்த்து அப்படியே வார்க்க முடியாது, அது கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி. இடது கால் செருப்பு வலது காலுக்கு ஆகாது. உடைந்ததன் உடல் நன்றாக இருப்பதால், மூக்கை மட்டும் மரத்தில் செதுக்கி ஒட்டி, அதையே அச்சாகக் கொடுக்கலாம் என்று வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறை அண்ணன் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “இதையே மண்ணுல பதிச்சா சின்னதாத்தான் வரும் தம்பி. ஆறும்போது இரும்பு சுருங்குமே.” வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒன்று சுருங்கும். 180 மில்லிமீட்டர் நாக்கில் கிட்டத்தட்ட இரண்டு மில்லி போய்விடும். அவ்வளவு குறைந்தால் ராட்செட்டில் பிடிக்காமல் வழுக்கும். அச்சில் மெழுகு பூசிக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

உடைந்த முகத்தையும் காட்டினார். கண்ணாடி மாதிரி பட்டென்று உடையவில்லை, கொஞ்சம் வளைந்த பிறகே முறிந்திருக்கிறது. “அடி வாங்குற சாமான், சாதா வார்ப்பு தாங்காது” என்றார். எஸ்ஜி இரும்பில் வார்ப்பதாக முடிவு. அடி பட்டால் பட்டென்று உடையாமல் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் வார்ப்பிரும்பு அது. அந்த இரும்பு 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பழமை கெடுகிறதே என்று யோசித்தேன். ஆனால் ஓட வேண்டிய வாரி இது. புது நாக்கில் பழைய எண்ணைப் போட வேண்டாம், இந்த வருடத்தைப் போடுங்கள் என்றேன். பின்னால் தேடுகிறவர் ஏமாறக் கூடாது.

மார்ச் 24

நாக்கு வந்தது. நீளம் 179.6 மில்லிமீட்டர். ஒரு மணி நேரம் அரம் போட்டதில் ராட்செட்டின் எல்லாப் பல்லிலும் சரியாக உட்கார்ந்தது.

மார்ச் 31

பற்கள் மாட்டியாயிற்று. புது ஏர்க்கால் வர நாளாகும், அதனால் இரண்டு பேர் கயிறு கட்டி இழுக்க, நான் மேலே உட்கார்ந்தேன். காய்ந்த புல்லில் பத்தடி போனதும் பற்களுக்கு முன்னால் திரண்டு நின்றது. மிதியை அழுத்தினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் “டக்” என்றது. 28 பற்களும் சேர்ந்து எழும்பின, ஒரு நொடி மேலே நின்றன, அப்புறம் சலசலவென்று விழுந்தன. பின்னால் நீளமாக ஒரு புல் வரிசை கிடந்தது. இழுத்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

இடது சக்கரத்தில் ஓர் ஆரக்கால் ஆடுகிறது. நாளை ரிவெட்டைப் பார்க்க வேண்டும்.