விமான ரிவெட்: கன்னைவிட பாரில்தான் வேலை அதிகம்

அலுமினியத் தகட்டில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறேன் என்றால் எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் நாளைத் தின்பது ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் சின்ன உலோக ஆணி: ஒரு முனையில் தலை, மறுமுனை வால், அந்த வாலை நசுக்கினால் தகடுகள் இறுகும். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்துக்கே ஆயிரக்கணக்கில் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓட்டை போட்டு, பிசிர் எடுத்து, குழித்து, அப்புறம்தான் அடிக்கவே முடியும். வால் பகுதி முடிந்து இப்போது இறக்கையில் இருக்கிறேன். இதுவரை கைக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் இரண்டே அளவுதான்: 3/32 அங்குலம், 1/8 அங்குலம். முதலாவதற்கு நம்பர் 40 பிட், இரண்டாவதற்கு நம்பர் 30. தகடுகளைப் பிடித்து வைக்கும் கிளீகோவும் அதே கணக்கில் வெள்ளி நிறம், செம்பு நிறம் என்று வருவதால் குழப்பம் இல்லை. விமானத்தின் தோலில், அதாவது வெளிப்புறத் தகட்டில், தலை தகட்டோடு சமமாக உட்காரும் 426 வகை, உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடங்களில் உருண்டைத் தலை 470.

பிசிர் எடுப்பதைச் சலிப்பான வேலை என்று வேகமாகத் தள்ளிவிடத் தோன்றும். அழுத்தாமல் ஓரிரு சுற்று போதும், அதற்கு மேல் சுற்றினால் ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி மெலிந்துபோகும். அடுத்தது டிம்பிள், அதாவது ரிவெட் தலை அமரும் குழி. மெல்லிய தோலைச் சரிவாகச் சீவிக் குழிக்க முடியாது, 3/32 ரிவெட்டுக்குத் தகடு குறைந்தது 0.032 அங்குலமாவது இருக்க வேண்டும், அதனால் ஆண் பெண் டை (அச்சு) இரண்டுக்கும் நடுவில் வைத்து அமுக்கித்தான் குழிக்கிறோம். அரைகுறையாக அமுக்கிய டிம்பிள் அப்போது தெரியாது, ரிவெட் போட்டதும் தலை மேலே துருத்தி நிற்கும்போது தெரியும். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், நன்றாக அமுங்கிய குழியைச் சுற்றி விளிம்பு கூர்மையாக ஒரு வளையமாகத் தெரியும், சுற்றியுள்ள தகடு சொட்டையாக இருக்காது.

அடிக்கும் முறையில் எனக்கு ஒரு வரிசை உண்டு. ரிவெட்டை இரு பக்கமும் பிடித்து அமுக்கும் ஸ்குவீஸர் எட்டுகிற இடமெல்லாம் ஸ்குவீஸர்தான், விளிம்பு ரிவெட்டுகளுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, இரண்டு ரிவெட்டைப் பார்த்து ஆழத்தைச் சரிசெய்துவிட்டால் மீதி எல்லாம் ஒரே மாதிரி வரும். அது எட்டாவிட்டால் பேக் ரிவெட்டிங்: மேசையில் பதித்த எஃகுத் தகட்டின் மேல் தோலைக் குப்புறப் போட்டு, ரிவெட் தலைகளை டேப்பால் ஒட்டி, வால் பக்கத்திலிருந்து அடிப்பது. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வரும். ஒரே ஆபத்து, எஃகுத் தகட்டுக்கு வெளியே இருக்கிற ரிவெட்டை அடித்துவிட்டால் தோலில் பள்ளம் விழும், அதனால் தகட்டின் எல்லையைத் தோல் மறைக்காதபடி மேசையில் தடிமனாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டும் முடியாத இடத்தில்தான் கன்னும் பக்கிங் பாரும்: தலைப் பக்கம் காற்றழுத்தத்தால் அடிப்பது கன், வால் பக்கம் தாங்கிப் பிடிக்கும் கனமான உலோகக் கட்டி பார். பார்க்கிறவர்கள் கன் பிடிப்பவரைத்தான் கைகாரர் என்று நினைப்பார்கள். என் கணக்கில் பார் பிடிப்பவர்தான் கைகாரர். கன்னில் செய்ய வேண்டியது அதன் முனையில் மாட்டும் செட் நழுவாமல் நேராக அழுத்திப் பிடிப்பது, காற்றழுத்தத்தை ரிவெட் அளவுக்கு ஏற்ப வைப்பது, பாரைவிடக் கொஞ்சம் பலமாகத் தள்ளுவது. பார் பிடிப்பவர் இருட்டுக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத ரிவெட் வாலின் மேல் இரும்பைச் சமமாக வைத்து, அதிர்கிறபோதும் சாயாமல் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் வால் ஒரு பக்கம் மடங்கிவிடும். மடங்க ஆரம்பித்ததும் நிறுத்தினால் எதிர்ப்பக்கம் சாய்த்து மீட்கலாம், தொடர்ந்து அடித்தால் போச்சு. டங்ஸ்டன் பார் விலை அதிகம்தான், ஆனால் சின்ன உருவத்தில் அத்தனை எடை என்பதால் நெருக்கமான இடங்களில் வேறெதுவும் ஈடாகாது.

காதில் மஃப் இருக்கும்போது கத்திப் பேசிப் பயனில்லை. தட்டுச் சைகை பழைய பட்டறை வழக்கம்: பார் பிடிப்பவர் ஒருமுறை தட்டினால் இன்னும் அடி, இரண்டு தட்டு சரி, மூன்று தட்டு கெட்டுவிட்டது, எடு.

அழுத்தம் குறைவாக வைத்து டக்டக்கென்று நெடுநேரம் அடிப்பதைப் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. அடிக்க அடிக்க ரிவெட் இறுகும், இறுகினால் சுருங்கி அமராமல் விளிம்பில் வெடிப்பு விடும். ஓரிரு நொடியில் முடிகிற அளவு அழுத்தம்தான் சரி. அதேபோல ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போகக் கூடாது, தோல் நீண்டு, உள்ளே அதைத் தாங்கும் ரிப்களுக்கு நடுவில் புடைத்து, விரலால் அழுத்தினால் டப்பா மூடி மாதிரி டப் டப்பென்று உள்ளே வெளியே போகும். நடுவிலிருந்து வெளியே, இடைவிட்டு அடிக்கிறேன்.

அளவு எளிது. அடிப்பதற்கு முன் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால், விட்டத்தில் ஒன்றரை மடங்கு. அடித்த பிறகு அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 3/32 ரிவெட்டுக்கு மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 3.6 அகலம், 1.2 உயரம். இதற்கென்று துளை போட்ட சின்ன கேஜ் கிடைக்கிறது.

கேஜில் கொஞ்சம் தப்பினதையெல்லாம் பிடுங்கத் தோன்றும். வால் லேசாக ஒரு பக்கம் தள்ளியிருந்தால் நான் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் பிடுங்கும்போது ஓட்டை பெரிதானால் அதுதான் பெரிய நஷ்டம். தலை துருத்தினாலோ, தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ விடுவதில்லை. ஏடி எனும் அலுமினியக் கலவை ரிவெட் தலையின் நடுவில் புள்ளிக் குழி இருக்கும், பிட்டை அதில் வைத்துத் தலையின் ஆழம் மட்டும் துளைத்து, அந்த ஓட்டையில் பஞ்ச் கம்பியை நுழைத்துச் சாய்த்தால் தலை தெறித்துவிடும். அப்புறம் பின்னால் ஓட்டை போட்ட மரத்துண்டைத் தாங்கலாக வைத்து மீதியைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். ஓட்டை நிஜமாகவே பெரிதாகிவிட்டால் 1097 வகை ரிவெட் இருக்கிறது, உடல் 1/8, தலை மட்டும் சின்னது, 3/32 டிம்பிளிலேயே கிட்டத்தட்ட அடங்கிவிடும். ஒரு சின்னப் பொட்டலம் மேசையில் எப்போதும் இருக்கட்டும்.