மாத்திரை நிறுத்திய நாட்கள்

மார்ச் 5

இன்றிலிருந்து வார்ஃபரின், அதாவது ரத்தம் உறையாமலிருக்க நான் சாப்பிடும் மாத்திரை, கிடையாது. பத்தாம் தேதி சிறுநீரக பயாப்ஸி. சிறுநீரில் புரதம் ஏன் இப்படிப் போகிறது என்று சதைத்துணுக்கைப் பார்த்தால்தான் தெரியுமாம். எனக்கோ இதயத்தின் மைட்ரல் வால்வு செயற்கை. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) 3 பக்கம் இருக்க வேண்டியது, பயாப்ஸிக்கு 1.5க்குக் கீழே வர வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தம் உறையலாம், இறங்காவிட்டால் சிறுநீரகத்தில் கசியலாம்.

மார்ச் 7

ஐஎன்ஆர் 1.9. அட்மிட் ஆகிவிட்டேன். வார்ஃபரினுக்குப் பதிலாகத் தோலுக்கடியில் போடும் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேனே என்றேன். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, உங்களுக்கு உடம்பிலேயே தங்கிவிடும் என்றார் டாக்டர். ஆகவே ட்ரிப்பில் ஹெப்பாரின், அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துதான். நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேகம் போய்விடும்.

மார்ச் 10

ஐஎன்ஆர் 1.3. விடியற்காலையில் ஹெப்பாரினை நிறுத்தினார்கள். குப்புறப் படுக்கவைத்து மரத்துப்போக ஊசி, அப்புறம் "மூச்சைப் பிடிங்க". ஸ்டேப்ளர் அடித்ததுபோல் சத்தம், இரண்டு முறை. வலியைவிடச் சத்தம்தான் தூக்கிப்போட்டது. பிறகு நாள் முழுக்க மல்லாந்த படுக்கை. போகும் சிறுநீரையெல்லாம் பாட்டில்களில் பிடித்து வரிசையாக வைத்தார் நர்ஸ். எல்லாம் தெளிவு.

மார்ச் 12

நேற்று மாலை ஹெப்பாரின் மறுபடி ஓடத் தொடங்கியது. இன்று காலை சிறுநீர் செம்மண் கரைத்ததுபோல் இருந்தது. மதியம் கட்டிகட்டியாக வந்து, பிறகு அடைத்தே விட்டது. குழாய் போட்டுக் கழுவினார்கள். அதை எழுத மனமில்லை. விலாவுக்குக் கீழே கனமான வலி. ஹீமோகுளோபின் 11.1லிருந்து 9.2. ஸ்கேனில் சிறுநீரகத்தை ஒட்டி 4 செ.மீ. ரத்தக்கட்டு. ஹெப்பாரின் நிறுத்தம். இன்னும் இறங்கினால் தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கசியும் இடத்தை அடைப்பார்களாம்.

இரவில் வால்வின் டிக் டிக் கேட்கிறது. வழக்கமாக எரிச்சலூட்டும் சத்தம். இன்று அது தெளிவாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

மார்ச் 14

ஹீமோகுளோபின் 9.0, அப்புறம் 9.1. கசிவு நின்றுவிட்டது. முதல் 24 மணி நேரம் தாண்டினால் பயமில்லை என்று நினைத்திருந்தேன். பெரும்பாலானவர்களுக்குச் சரிதான், மருந்து திரும்ப ஏறும்போது தாமதமாகவும் கசியுமாம். இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 17

சிறுநீர் தெளிந்து இரண்டு நாளாகிறது. மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி, அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கசியும் நோய், என்று பயாப்ஸி ரிசல்ட் வந்தது. ஹெப்பாரினை நேற்று மெதுவாகத் தொடங்கினார்கள். இன்றிரவு வார்ஃபரின். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் விழுங்கினேன்.