எங்கள் வகுப்பில் 37 பேர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் என் ஜேர்மன் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து சேரும் முன்னர் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மஞ்சள் கம்பளி நூலில் பாதி பின்னிய ஒரு சின்னப் பை. இரண்டு மர ஊசிகளும் இன்னும் அதிலேயே செருகியபடி இருக்கின்றன. ஒரு ஊசியின் நுனியில் நீல மணி, மற்றதில் மணி இல்லை. கீழே ஒரே ஒரு வரி: இது யாருடையது என்று உனக்கு நினைவிருக்கிறதா?

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அந்த மணி கழன்று வாங்குக்குக் கீழே உருண்டபோது அவளோடு சேர்ந்து குனிந்து தேடியவள் நான்தான். அது கிடைக்கவே இல்லை. படத்தை அனுப்பியவர் எங்கள் வகுப்பு ரீச்சர், 80 வயதைத் தாண்டிவிட்டார். அந்தப் பையை முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக, ஊசியைக்கூட உருவாமல், பத்திரமாக வைத்திருக்கிறார்.

நான் படித்தது ஜேர்மனியில் ஒரு வால்டோர்ஃப் பள்ளிக்கூடத்தில். கொழும்பில் இதைச் சொன்னால் முதலில் பெயர் விளங்காது, அடுத்ததாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “அங்க படிச்ச பிள்ளையள் இப்ப என்னவா இருக்கினம்?” சோதனை இல்லை, புள்ளி இல்லை, முதல் வகுப்பில் வாசிக்கவே அவசரப்படுத்த மாட்டார்கள் என்றால், பிள்ளை வளர்க்கும் எவருக்கும் அந்தப் பயம் வரும். அது நியாயமான கேள்வி. இத்தனை நாளும் இரண்டு வரியில் சொல்லிச் சமாளித்திருக்கிறேன், இன்றைக்கு ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

அப்பா 1985-இல் போனார். அந்தக் காலத்தில் பலர் போன வழிதான், கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் போவது. அம்மாவும் நானும் 1987-இல் போய்ச் சேர்ந்தோம். கீழ் வீட்டில் இருந்த தாதி ஒருவர்தான் தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வருமானத்துக்கு ஏற்ற மாதிரித்தான் கட்டணம், எங்களிடம் வாங்கியது பெயருக்கு ஒரு தொகை. 1988 இலையுதிர் காலத்தில் முதலாம் வகுப்பு தொடங்கியது. முதல் மாதம் ஒரு தடியைக் கையில் தந்து உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி, அடி நுனியில் மணி ஒட்டி, அதுதான் ஊசி. அப்புறம் அந்த ஊசியால் எங்கள் மரக்குழலுக்கு நாங்களே பை பின்ன வேண்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு அப்பாவிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “பின்னல் பழகவோ நாங்கள் கடல் கடந்து வந்தனாங்கள்?”

எழுத்துகள் பிறகு, ஒவ்வொன்றும் ஒரு படத்துக்குள் இருந்து வந்தன. ரீச்சர் முதல் நாள் ஒரு ராசாவின் கதை சொல்வார், அடுத்த நாள் கரும்பலகையில் கலர் சோக்கால் அந்த ராசாவை வரைவார், கையை நீட்டிக் காலை எடுத்து வைத்து நிற்கும் ராசா. மூன்றாம் நாள் அந்த உருவமே K என்ற எழுத்தாக மாறி நிற்கும், ஜேர்மனில் ராசாவுக்கு முதல் எழுத்து அதுதான். மீனில் இருந்து F, அலையில் இருந்து W. பாடப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. காலையில் முதல் இரண்டு மணித்தியாலமும் ஒரே பாடம், அதையே மூன்று நான்கு கிழமைக்குத் தொடர்ந்து படிப்போம், படித்ததை நாங்களே எழுதி வரைந்து கொப்பி ஆக்குவோம். அந்தக் கொப்பிகளில் 11 இப்போதும் என் அலுமாரியில் இருக்கின்றன. கொழும்பு ஈரத்தில் ஓரங்கள் பூஞ்சணம் பிடித்துவிட்டன, தேன்மெழுகுக் கலர் மட்டும் மங்கவே இல்லை.

இந்தப் பெயரின் கதை பலருக்குத் தெரியாது. ஸ்டுட்கார்ட் நகரில் வால்டோர்ஃப் அஸ்டோரியா என்று ஒரு சிகரெட் தொழிற்சாலை இருந்தது. முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு அதன் முதலாளி எமில் மோல்ட், தன் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ருடொல்ஃப் ஸ்டைனர் என்ற ஒஸ்ட்ரியத் தத்துவவாதியைக் கேட்டார். 1919 செப்டம்பர் 7-ஆம் தேதி 256 பிள்ளைகளோடு திறந்தார்கள். ஆசிரியர் 12 பேர், அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி வெறும் இரண்டு கிழமை. பெண் பிள்ளையும் ஆண் பிள்ளையும், முதலாளி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில். அந்தக் காலத்து ஜேர்மனியில் அது பெரிய விசயம்.

மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர்கள், அந்த ஆசிரியர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதில்லை. 1938-இல் நாஜி அரசு அந்தப் பள்ளிக்கூடத்தை மூடியது. அதற்கு முன்பே ஆட்கள் சிதறத் தொடங்கிவிட்டார்கள். வரலாறு படிப்பித்த வால்டர் யோஹானஸ் ஸ்டைன் 1933-இலேயே லண்டனுக்குப் போனார். பள்ளிக்கூட டொக்டராக இருந்த ஓய்கன் கொலிஸ்கோவும் இங்கிலாந்துக்குப் போனார், 1939-இல் லண்டனில் இறந்தார். கணிதம் படிப்பித்த ஹெர்மன் ஃபொன் பாரவல்லே அமெரிக்காவுக்குப் போய் அங்கே இந்தக் கல்வியை வளர்த்தார். கார்ல் ஷூபேர்ட் போகவில்லை. கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான தன் சிறு வகுப்பை, பள்ளிக்கூடம் மூடிய பிறகும் விடாமல் நடத்தினார். 1945-இல் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தது. நாட்டை விட்டு ஓடிய ஆசிரியர்கள் போன இடமெல்லாம் ஒரு வகுப்பைத் தொடங்கியதை வாசிக்கும்போதெல்லாம், 83-க்குப் பிறகு இங்கிருந்து போய் லண்டனிலும் பாரிஸிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தொடங்கிய எங்கள் ஆசிரியர்கள்தான் என் நினைவுக்கு வருவார்கள்.

சரி, மாணவர்கள். பெரிய பெயர்கள் கேட்டால் இருக்கின்றன. 2013-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற தோமஸ் சூடோஃப் ஹனோவர் வால்டோர்ஃப் பள்ளியில் படித்தவர். தன்னை அதிகம் உருவாக்கிய ஆசிரியர் யார் என்று கேட்டபோது, விஞ்ஞானம் படிப்பித்தவரை அல்ல, பஸூன் வாத்தியம் வாசிக்கப் பழக்கியவரைச் சொன்னார். போர்ஷே 911 காரை வடிவமைத்த ஃபெர்டினண்ட் அலெக்சாண்டர் போர்ஷே ஸ்டுட்கார்ட் பள்ளியில் படித்தவர். நேட்டோவுக்குப் பத்து வருடம் செயலாளர் நாயகமாக இருந்த யென்ஸ் ஸ்டோல்டன்பேர்க் ஒஸ்லோவில், நடிகை ஜெனிஃபர் அனிஸ்டன் நியூயோர்க்கில். இந்தப் பெயர்களைச் சொன்னால் வெள்ளவத்தை அம்மாமாரின் முகம் கொஞ்சம் தெளியும். ஆனால் இது பதில் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படிப் பத்துப் பெயர் பொறுக்கலாம்.

இதைவிட உருப்படியான ஒன்று 2007-இல் ஜேர்மனியில் வெளிவந்த ஆய்வு. ஹைனர் பார்ட்ஸ், டிர்க் ராண்டொல் என்ற இரு பேராசிரியர்கள் 1,100-க்கும் மேற்பட்ட பழைய மாணவர்களிடம் விசாரித்தார்கள். அவர்களில் அதிகம் பேர் செய்த தொழில் ஆசிரியத் தொழில், அதற்கு அடுத்தது எஞ்சினியர். வால்டோர்ஃப் என்றால் எல்லோரும் ஓவியரும் நடனக்காரரும் ஆகிவிடுவார்கள் என்பது வெறும் கதை.

எங்கள் வகுப்பையே எடுங்கள். 37 பேர். இரண்டு டொக்டர், நாலு ஆசிரியர், ஒரு மருத்துவிச்சி, ஒருவன் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மாடு வளர்த்துச் சீஸ் செய்கிறான், ஒருத்தி வரி அலுவலகத்தில், ஒருவன் கப்பல் சமையல்காரன், அவன் வருடத்தில் ஒருமுறை கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தால் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். ஒருவர் இறந்துவிட்டார். நான் இங்கே, ஜேர்மனிக்குக் கல்யாணம் கட்டிப் போகிற பெண்களுக்கும் தாதிகளாகப் போகிறவர்களுக்கும் A1 என்ற தொடக்க நிலையில் இருந்து B1 என்ற இடைநிலை வரை ஜேர்மன் படிப்பிக்கிறேன். முதல் பத்து நிமிடம் கொப்பி திறக்க விட மாட்டேன், எழும்பி நின்று கை தட்டி, கால் வைத்து வினைச்சொற்களைச் சொல்ல வேண்டும். எங்கே பழகினீர்கள் மிஸ் என்று கேட்பார்கள்.

இன்னொருவனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு இரண்டு வாங்கு பின்னால் இருந்தவன். எழுத்துகள் அவனுக்கு நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தன. வரும், தன் நேரத்துக்கு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அது டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு என்று கண்டுபிடிக்கும்போது அவனுக்கு 11 வயது. ஐந்தாம் வகுப்போடு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். இப்போது லொறி ஓட்டுகிறான். போன வருடம்தான் எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தான், சேர்ந்த முதல் இரவே பத்து நிமிடத்துக்குக் குரலில் பேசி அனுப்பினான், நீங்கள் எல்லோரும் அழகான நினைவுகளைப் பகிர்கிறீர்கள், என்னுடைய நாலு வருடத்தை யார் தருவது என்று. இரண்டு நாள் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் ரீச்சர் எழுதினார். நான் காத்திருந்தது பிழை, உன் அம்மா இரண்டு தரம் வந்து கேட்டார், நான் இரண்டு தரமும் அவரைத் திருப்பி அனுப்பினேன், அது என் பிழை என்று. காரணம் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கல்வியில் ஒரே ஆசிரியர் எட்டு வருடம் ஒரு வகுப்போடு கூடவே வருவார். அதன் வரமும் அதுதான், ஆபத்தும் அதுதான். அவர் காணத் தவறியதைக் காண இன்னொரு கண் இல்லை.

கறுத்தப் பிள்ளையாக அங்கே படித்தவள் என்பதால் இன்னொன்று. ஸ்டைனர் மனித இனங்களைப் பற்றிப் பேசிய சில பேச்சுகளைப் பிறகு, வளர்ந்த பின்தான் வாசித்தேன். கை நடுங்கியது. நல்லவேளை, வகுப்பில் அப்படி ஒரு சொல் என் காதில் விழுந்ததில்லை. 2007-இல் ஜேர்மன் வால்டோர்ஃப் பள்ளிகளின் சம்மேளனம் ஸ்டுட்கார்ட் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டு, ஸ்டைனரின் எழுத்தில் பாகுபாடு காட்டும் வரிகள் இருக்கின்றன, எந்த இனவாதத்துக்கும் நாங்கள் எதிர் என்று சொன்னது. சொன்னது நல்லது. இன்னும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எங்களுக்கு வருட முடிவில் புள்ளி அறிக்கை வராது. ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பக்கக் கணக்கில் எழுதுவார், கடைசியில் அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு சின்னப் பாட்டு இருக்கும். அடுத்த வருடம் முழுவதும், பிறந்த கிழமையில், வகுப்புக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். நான் வியாழக்கிழமை. மூன்றாம் வகுப்பில் எனக்குக் கிடைத்தது கல்லைச் சுற்றிப் போகும் ஆற்றைப் பற்றியது. அந்த வருடம் நான் யாரோடும் கதைக்காமல் இருந்த வருடம், ஊரில் அம்மம்மா செத்து நாங்கள் போக முடியாமல் போன வருடம். ரீச்சருக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இந்த இலையுதிர் காலத்தில் ரீச்சர் இருக்கும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். என்னால் போக முடியாது, அதனால் படம் வந்த அன்றிரவு அழைத்துப் பேசினேன். அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது, 37 பெயரும் அதில் உண்டு, பெயருக்கு எதிரே ஊர், தொழில், பிள்ளைகளின் பெயர். எல்லாம் பென்சிலில், மாறினால் அழித்து எழுத. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. வகுப்பில் இருந்த மற்றத் தமிழ்ப் பிள்ளை, என் வாங்குக்காரி.

1990-இல், இரண்டாம் வகுப்பு நடுவில், ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. வீடு காலி. கனடா என்றார்கள் சிலர், விசா மறுத்துக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். அவளுடைய பெரியம்மா ராமகிருஷ்ணா வீதியில் இருந்தது எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள், மாடியில் இருந்து கடல் தெரியும் என்று. போன ஞாயிறு அந்த வீதியில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனேன். இப்போது அங்கே பாதிக்கு மேல் தொடர்மாடிதான். மருந்துக்கடை ஐயா மட்டும், ஜேர்மனியில் இருந்து வந்த ஒரு குடும்பம் கொஞ்சக் காலம் இருந்ததாகவும் பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கம் போனதாகவும் ஒரு ஞாபகம் என்றார்.

பெயரை இங்கே எழுத மாட்டேன், அவளுக்கு விருப்பமோ தெரியாது. ஆனால் யாருக்காவது தெரியும் என்றால், அல்லது அவளே இதை வாசித்தால்: நீ செவ்வாய்க்கிழமை. உன் பாட்டில் ஒரு மின்மினி வரும். கப்பல்காரன் நவம்பரில் கொழும்புக்கு வருகிறான், உன் குழல் பையை ரீச்சர் அவனிடம் கொடுத்து அனுப்புகிறார், ஊசியோடு அப்படியே. மணி ஒன்று குறைகிறது. நீல மணி தேடிப் புறக்கோட்டைக்குப் போனேன், சரியான அளவில் கிடைத்தது, என் மேசை லாச்சியில் இருக்கிறது.