உற்பத்தித் திட்டமிடலுக்கு மென்பொருள் தேர்ந்தெடுத்த அனுபவம்

கோயம்புத்தூரில் விவசாயப் பம்புசெட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவைக் கவனித்து வருகிறேன். கிணற்றில் நீர்மட்டம் இறங்கியதும் ஆர்டர்கள் குவியும் தொழில் இது. மார்ச்சில் கொடுக்கத் தவறியதை மழை வந்தபின் கொடுத்துப் பயனில்லை. எக்செல் தாள்களால் இனிச் சமாளிக்க முடியாது என்ற நிலையில்தான் திட்டமிடலுக்கென மென்பொருள் தேடத் தொடங்கினோம்.

முதல் இரண்டு மாதங்கள் வீணாயின. நான்கு நிறுவனத்தார் வந்து செயல்விளக்கம் காட்ட, நாங்கள் வசதிகளைப் பட்டியலிட்டு மதிப்பெண் போட்டோம். நான்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்றன. பிறகு முறையை மாற்றி, முந்தைய ஆண்டின் மார்ச் மாத ஆர்டர்கள், அன்றைய இருப்பு, பாகப் பட்டியல் ஆகியவற்றைக் கொடுத்து, இவற்றை வைத்தே திட்டம் போட்டுக் காட்டும்படி கேட்டோம். அங்கேதான் வேறுபாடு தெரிந்தது.

எங்கள் ஆலையின் இறுக்கமான இடம் வார்னிஷ் ஓவன். கம்பி சுற்றும் வைண்டிங் வேலை முடிந்த ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரின் சுழலாத பகுதியை, வார்னிஷில் தோய்த்துப் பல மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். ஓவன் கொள்ளும் அளவுக்கு மேல் ஒன்றையும் ஏற்ற முடியாது. 1960களில் ஜோசப் ஆர்லிக்கி வகுத்த எம்.ஆர்.பி. (பொருள் தேவைத் திட்டமிடல்) கணக்கு, டெலிவரி நாளிலிருந்து குறிப்பிட்ட கால அளவைப் பின்னோக்கிக் கழித்து வேலை தொடங்கும் நாளைச் சொல்லுமே தவிர, அன்று இயந்திரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மூன்று மென்பொருள்கள் அவ்வாறே ஒரே நாளில் ஓவனின் திறனைப்போல் இரு மடங்கு வேலையை அடுக்கின. ஒன்று மட்டும் மிகுதியை முந்தைய நாட்களுக்கு நகர்த்தி, நகர்த்த முடியாத ஆர்டர்களைத் தனியே காட்டியது.

ஜாப் ஒர்க், அதாவது எங்கள் பொருளை வெளியாரிடம் கொடுத்துச் செய்து வாங்கும் வேலை, அடுத்த சோதனை. வெளியே கடைசலுக்குப் போன வார்ப்படங்கள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, அனுப்பிய நாளிலேயே அவற்றை வரிக்குரிய வகையில் வழங்கியதாகக் கொள்ளப்படும். எனவே டெலிவரி சலான் வாரியாக அந்த இருப்பைக் கணக்குப் பிரிவும் திட்டப் பிரிவும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஓவன் சோதனையில் தேறிய அந்த மென்பொருள் விலையில் மலிவானதன்று. ஆனாலும் அதையே வாங்கினோம். வாங்கியபின் எங்கள் பாகப் பட்டியலைத் திருத்தவே மூன்று மாதம் பிடித்தது. வடிவம் மாறிய இம்பெல்லர்கள் (பம்பில் நீரைத் தள்ளும் சுழல் சக்கரங்கள்) பழைய பாக எண்ணிலேயே இருந்தன. ஸ்டோர்ஸ் இருப்பும் ஏட்டு இருப்பும் ஒத்துவரவில்லை. இந்த வேலையை மென்பொருள் தேடும் முன்பே முடித்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஓவனின் உண்மையான திறன் எந்தக் கோப்பிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை ஸ்டேட்டர் ஏற்றினோம் என்று அதன் பொறுப்பாளர் பல ஆண்டுகளாகக் குறித்து வந்த நோட்டில்தான் இருந்தது. தேர்வுக் குழுவில் அவரைத் தாமதமாகவே சேர்த்தோம். இப்போது அந்த எண்ணை மாற்றும் அனுமதி அவருக்கு மட்டுமே உண்டு.