இட்டேரியும் போஹரும்

டப்ளினில் இருக்கும் மச்சான் போன வாரம் ஒரு தெருப்பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அங்கே பலகைகளில் ஐரிஷும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். "மாப்ள, இதென்ன போத்தாரா?" என்று கேள்வி வேறு. போத்தார் இல்லை, போஹர். எழுதும்போது டி, எச் இரண்டும் உண்டு, வாயில் வெறும் ஹ. சாலை என்று அர்த்தம்.

ஆனால் சொல்லுக்குள் நிற்பது மாடு. ஐரிஷில் 'போ' என்றால் பசு ('அம்பு'வில் வரும் பு போல அழுத்தாமல் சொல்ல வேண்டும்). சமஸ்கிருத 'கோ'வும் இதுவும் ஒரே வேர்தான், பழைய 'க்வ' ஒலி அந்தப் பக்கம் போய் இப்படி ஆகிவிட்டது. பையனுக்கு அவர்கள் சொல்லும் சொல்லே முதலில் மாடு மேய்ப்பவனைத்தான் குறித்தது. 908-ல் இறந்த கார்மக் என்பவர் அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டரின் அரசர், அவர் கிறிஸ்தவ ஆயரும்கூட (நம் தமிழில் ஆயர் மாட்டுக்காரரும்தானே!), அவர் பெயரில் வழங்கும் பழைய சொல்விளக்க நூலில் போஹருக்கு அளவே இருக்கிறது: ஒரு மாடு நீளவாக்கிலும் ஒன்று குறுக்கேயும் நிற்க இடம் வேண்டும். காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாரு ஊர் இட்டேரியில் (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம்), இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒரு மாடு குறுக்கே நின்றாலே போச்சு, அது நகரும்வரை வண்டியும் நாமும் நிற்க வேண்டியதுதான்.

இலக்கணத்தில்தான் வேடிக்கை. நாம் மரம், மரத்தில் என்று சொல்லின் வாலை மாற்றுவோம். அவர்கள் தலையையும் விடுவதில்லை. 'சாலையின்' என்றால் வோஹிர், பல வட்டாரங்களில் 'சாலையில்' என்றால் மோஹர், பன்மைக்கு போஹ்ரெ. அந்த மோஹரை எழுதும்போது பழைய பி-யை அழிக்காமல் அதற்கு முன்னால் ஓர் எம் போடுவார்கள், பேசும்போது எம் மட்டும் கேட்கும். மாடு எழுத்தில் நிற்கும், வாயில் வராது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

அப்புறம் 'சின்ன போஹர்' ஒன்று உண்டு, போரீன் என்று அங்கத்து ஆங்கிலத்திலும் புழங்குகிறது. இருபுறமும் வேலி, நடுவே புல் முளைத்த ஒற்றைத் தடம். "நம்ம இட்டேரியேதான்டா அது" என்று மச்சானுக்கு அனுப்பினேன்.

"அதே மாதிரிதான் இருக்கு மாப்ள. ஆனா இந்த நாட்டுல பாம்பு கிடையாது, ராத்திரி டார்ச் இல்லாமலே நடக்கலாம்" என்று பதில் வந்தது.