நகரப் பேருந்தில் சமணர் மலைக்கு

மதுரையில் காலாற நடக்க ஓர் இடம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், நான் முதலில் சொல்வது கீழக்குயில்குடியைத்தான். சொந்த வண்டி தேவையில்லை. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் போய் இறங்கினால், ஆலமர நிழலும் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் சமணர் மலையின் அடிவாரத்திலேயே நம்மை வரவேற்கின்றன. திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கோயிலுக்குப் பின்னால் படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில், சமண சமயத்தின் பெருங்குருமார்களான தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவரான பார்சுவநாதரின் தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கிறது. சிற்பங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில் அழியாமல் இருக்கின்றன. அவ்வெழுத்துகளைத் தயவுசெய்து விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

பிறகு இறங்கி, அடிவாரத்தை ஒட்டியே மலையின் மறுபுறம் நடந்தால் செட்டிப்புடவு வரும். அந்தக் குகையின் உட்கூரையில், சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மீது வருபவனோடு போரிடும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வத்தைக் காண்பதற்காகவே நான் மறுபடி மறுபடி போகிறேன். சுற்றுவட்டாரத்தில் பல குன்றுகள் கல் குவாரிகளுக்கு இரையாகிவிட்ட நிலையில், இம்மலை இன்னும் நிற்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.